ராமானுஜனுக்கு ஆஸ்பெர்ஜர் இருந்ததா?

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஓடு வேய்ந்த சிறிய வீடு ஒன்று இருக்கிறது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீடு அது. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது. பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனாருக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலை. குழந்தை எப்படி இருந்தது? 1991-இல் ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல் சில செய்திகளைச் சொல்கிறார். மூன்று வயது வரை பேச்சு சரியாக வரவில்லையாம். வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களையெல்லாம் இழுத்து வந்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்கி வைப்பாராம். சாப்பாட்டு விஷயத்தில் ஏகப் பிடிவாதமாம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். பையன் வளர்ந்தான். எண்களே அவன் உலகம் ஆயின. மற்றப் பாடங்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2004-இல் அயர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு நூல் வெளியிட்டார். தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன், எழுத்தாளர் லூயி கரோல் ஆகியோரோடு நம் ராமானுஜனையும் சேர்த்து, இவர்களுக்கு ஆஸ்பெர்ஜர் என்னும் நிலை இருந்திருக்கலாம் என்று அதில் எழுதினார். 'இருந்திருக்கலாம்' என்ற சொல் வாய்க்கு வாய் மாறும்போது 'இருந்தது' என்று ஆகிவிடும் அல்லவா? அப்படித்தான் ஆயிற்று. மேதைகளின் பட்டியல் போட்டு, இவருக்கு ஆஸ்பெர்ஜர், அவருக்கு ஆஸ்பெர்ஜர் என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

இது சரிதானா? இதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் முதலில் இன்னொன்று தெரியவேண்டும். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆஸ்பெர்ஜர் என்று டாக்டர்கள் எப்படித்தான் முடிவு கட்டினார்கள்?

பெயர் வந்த கதை

1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறரோடு ஒட்டாமல், தமக்குள்ளேயே ஆழ்ந்திருந்த குழந்தைகள். அந்த நிலையை 'ஆட்டிசம்' என்றார். தமிழில் 'மதியிறுக்கம்' என்கிறோம். (சில அரசாங்கப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றும் பார்க்கலாம். அந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. புற உலகத்தின் சத்தமும் வெளிச்சமும் மற்றவர்களைவிட அதிகமாக உறுத்துவதால்தான் இக்குழந்தைகளில் பலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.)

அடுத்த ஆண்டு, 1944-இல், வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் நான்கு சிறுவர்களை வருணித்தார். இவர்கள் நன்றாகப் பேசினார்கள். சில சமயம் பெரிய மனிதர்களைப் போலவே பேசினார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு பழகத் தெரியவில்லை. ஏதாவது ஒரே விஷயத்தில் அளவு கடந்த ஈடுபாடு. உண்மையில் இவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே, மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே போன்ற ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பெர்ஜரின் கட்டுரையும் ஜெர்மன் மொழியிலேயே தூங்கிக் கிடந்தது. 1981-இல் லண்டனைச் சேர்ந்த லோர்னா விங் என்ற மனநல மருத்துவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்ற பெயரைப் பரப்பினார். சிண்ட்ரோம் என்றால் சேர்ந்தாற்போல் காணப்படும் அறிகுறிகளின் தொகுப்பு. விங்கின் மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆஸ்பெர்ஜர் தனிப் பெயராக இடம் பெற்றது. 2013-இல் அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அந்தப் பெயரை எடுத்துவிட்டது! ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ரத்தத்தில் தெரியாது

மலேரியா என்றால் ரத்தத்தில் கிருமி தெரியும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியும். ஆட்டிசத்துக்கோ ஆஸ்பெர்ஜருக்கோ அப்படி எந்தச் சோதனையும் இல்லை. ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் எதுவும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாது. அப்படியானால் டாக்டர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கையில் உள்ள கருவிகள் மூன்று: கண், காது, கேள்வி.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் முரளி என்று இருக்கட்டும். கும்பகோணத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். பேருந்து நிலையத்திலிருந்து மயிலாடுதுறைக்கும் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் எந்தெந்த நேரத்தில் பஸ் புறப்படுகிறது என்பது அவனுக்கு மனப்பாடம். யார் வந்தாலும் அதைத்தான் பேசுவான். கேட்பவர் கொட்டாவி விடுவதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவன் கண்ணில் படாது. வாத்தியார் ஒரு நாள் 'வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்' என்றார். முரளி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாடவேளை முடியும்வரை உட்கார்ந்திருந்தான். வகுப்பே சிரித்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்து வாத்தியார் அடிக்க வந்துவிட்டார். பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். நண்பர்கள் என்று யாரும் இல்லை.

அம்மா அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாள்.

முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது மந்தமாக இருக்கலாம் அல்லவா? கண், வலிப்பு, படிப்பைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். வெறும் கூச்ச சுபாவமா, பயமா, ஓரிடத்தில் நிலைகொள்ளாத கவனக் குறைவா என்றும் யோசிப்பார்கள். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவது நோயறிதலில் பாதி வேலை.

அம்மாவின் ஞாபகம்

அடுத்தது நீண்ட பேட்டி. முரளியிடம் அல்ல, அவன் அம்மாவிடம். இதற்கென்றே கேள்விகள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. முழுமையாகக் கேட்டு முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகும். முதல் வார்த்தை எப்போது வந்தது? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா? டாட்டா காட்டுவானா? சொப்பு வைத்துச் சோறு சமைப்பது போல் விளையாடினானா, அல்லது சொப்புகளை வரிசையாக அடுக்கினானா?

இவற்றுள் ஒரு கேள்வி மிக முக்கியமானது. கோயில் யானை தெருவில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை என்ன செய்யும்? யானையைப் பார்க்கும். உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மீண்டும் யானையை நோக்கி விரல் நீட்டும். யானை தனக்கு வேண்டும் என்று அது கேட்கவில்லை. 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்கிறது! பேச்சு வருவதற்கு முன்பே வரும் இந்தப் பகிர்வுக்கு 'இணைந்த கவனம்' என்று பெயர். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இது தாமதமாக வரும், அல்லது மிகக் குறைவாக இருக்கும். பிஸ்கட் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து டப்பாவிடம் இழுத்துப் போவார்கள். யானையைக் காட்டுவதற்காக மட்டும் விரல் நீட்டமாட்டார்கள்.

இத்தனை வயதுக்குப் பிறகு பழைய கதை எதற்கு என்று தோன்றலாம். ஆட்டிசம் பன்னிரண்டு வயதில் திடீரென்று வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே தொடங்குவது அது. எனவே சிறு வயதிலேயே அதன் தடம் இருக்கவேண்டும். அந்தத் தடத்தைச் சொல்லக்கூடியவர் குழந்தையை இடுப்பில் வைத்து வளர்த்தவர்தான்.

விளையாட்டா, பரீட்சையா?

பிறகு முரளியையே பார்ப்பார்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம், விளையாட்டும் பேச்சுமாக. சின்னக் குழந்தையாக இருந்தால் டாக்டர் சோப்புக் குமிழி ஊதுவார்; சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்து 'இன்னும்' என்று ஏதாவது வகையில் கேட்கிறதா? முரளி பெரியவன். அவனிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்வார்கள். படத்திலிருப்பவன் ஏன் அழுகிறான் என்று சொல்கிறானா, அல்லது அவன் சட்டையில் எத்தனை பொத்தான்கள் என்று எண்ணுகிறானா? 'நண்பன் என்றால் யார்?' என்று கேட்பார்கள். டாக்டர் தம்மைப் பற்றி நடுவில் ஒரு செய்தி சொல்வார்: 'நான்கூட நேற்று பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன்.' முரளி 'அப்புறம் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கிறானா, அல்லது அடுத்த பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு ஓய்கிறானா? மேலுக்கு அரட்டை போல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே மதிப்பெண் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் நாட்டுக்கென்று ஓர் அளவுகோலும் உண்டு. செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கியது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். ஊனச் சான்றிதழ் வழங்குவதற்கு இது பயன்படுகிறது.

வெளிநாட்டுக் கேள்விகளை அப்படியே நம் பிள்ளைகளிடம் கேட்டால் சிக்கல் வரும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பது ஒரு முக்கிய அறிகுறி. ஆனால் தஞ்சைக் கிராமங்களில் தாத்தாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் பிள்ளையை என்ன சொல்வார்கள்? 'மரியாதை தெரியாதவன்' என்பார்கள்! ஆகவே அனுபவமுள்ள டாக்டர், பெரியவரிடம் எப்படி என்பதோடு நிற்காமல், தன்னொத்த பிள்ளைகளிடம் எப்படி என்றும் விசாரிப்பார். பள்ளியிலிருந்து ஆசிரியரின் குறிப்பையும் கேட்பார். பெண் பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். மற்றப் பெண்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்துவிடும் சிறுமிகள் உண்டு. அவர்களுக்கு விவரம் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடும்.

கடைசியாக ஒரு நிபந்தனை. இந்தத் தன்மைகள் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவேண்டும். பஸ் நேரம் மனப்பாடமாக இருப்பது வியாதி அல்ல. ரயில் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் எல்லாம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

இறந்தவருக்கு நாடி பார்க்கலாமா?

இப்போது சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்குத் திரும்புவோம்.

ராமானுஜன் மூன்று வயது வரை சரியாகப் பேசவில்லை என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பெர்ஜர் கட்சிக்கு இது பலம் சேர்ப்பது போல் தோன்றுகிறது. ஆனால் 1994 கையேடு என்ன சொல்லிற்று? இரண்டு வயதுக்குள் தனி வார்த்தைகளும் மூன்று வயதுக்குள் சிறு தொடர்களும் வந்திருந்தால்தான் ஆஸ்பெர்ஜர் என்று சொல்லலாம்; பேச்சில் குறிப்பிடத்தக்க தாமதம் இருந்தால் சொல்லக்கூடாது! அதாவது, கனிகல் சொல்வது உண்மையானால், அன்றைய விதிப்படியே ராமானுஜனுக்கு ஆஸ்பெர்ஜர் பெயர் பொருந்தாது. ஆதாரம் என்று கொண்டுவந்ததே எதிர்சாட்சியாகிவிட்டது.

2013-இல் அந்தப் பெயரை எடுத்ததற்கு இது போன்ற தொல்லைகளும் ஒரு காரணம். ஒரே பிள்ளையை ஒரு டாக்டர் ஆஸ்பெர்ஜர் என்றார். இன்னொருவர் ஆட்டிசம் என்றார். மூன்று வயதில் எத்தனை வார்த்தை பேசினான் என்பது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எந்தத் தாய்க்குச் சரியாக நினைவிருக்கும்? எனவே எல்லாவற்றையும் 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்து, எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்து மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப் பட்டியலும் இதே வழியில் சென்றது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெயர் போனதில் பலருக்கு வருத்தமில்லை. நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட வியன்னா விடுதி ஒன்றுக்குச் சில குழந்தைகளை அனுப்பியவர் ஆஸ்பெர்ஜர் என்பதை, 2018-இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் ஆவணங்களோடு வெளியிட்டிருந்தார்.

புதிய விதிப்படி ராமானுஜனைப் பார்த்தால்? பாத்திரங்களை வரிசையாக அடுக்கியதைக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் இரண்டு வயதில் பாத்திரத்தை உருட்டாத குழந்தை எது? அந்த வயதில்தான் அவருக்குப் பெரியம்மை கண்டது. அடுத்துப் பிறந்த தம்பி சில மாதங்களிலேயே இறந்துபோனான். குழந்தை பேசாததற்கும் பிடிவாதத்துக்கும் இவை காரணமாக இருந்திருக்கக் கூடாதா?

கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு விருந்துக் கதையும் உண்டு. ராமானுஜன் தாமே சமைத்து நண்பர்களுக்குப் பரிமாறினார். வந்தவர்கள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! நான்கு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. பிறர் மனம் அறியாதவர் செய்கை என்று இதைச் சொல்லலாம். கும்பகோணத்து வீடுகளில் விருந்து பரிமாறிப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இலையில் விழுந்ததை வேண்டாம் என்றால் எப்படிச் சுருக்கென்று இருக்கும் என்று சொல்வார்கள்.

குளிரில் நடுங்கிக்கொண்டு கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார் என்பதும் அப்படித்தான். கம்பளிகளை மெத்தையோடு சேர்த்துச் செருகியிருப்பார்கள், நடுவில் நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பாய் விரித்துப் படுத்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? நண்பர் மகலனோபிஸ் காட்டிக் கொடுத்ததும் தெரிந்துகொண்டார்.

மறுபக்கச் சாட்சியும் இருக்கிறது. ராமானுஜன் வேடிக்கைக் கதைகள் சொல்லிச் சிரிக்க வைப்பவர் என்று நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவரோடு பல ஆண்டுகள் பழகிய பேராசிரியர் ஹார்டி 1936-இல் ஆற்றிய உரையில், ராமானுஜனை ஏதோ விசித்திரப் பிறவியாக நினைக்கவேண்டாம், தேநீர் அருந்தியபடி அரசியலும் கணிதமும் பேசி மகிழக்கூடிய மனிதர் அவர் என்ற பொருளில் பேசினார். இந்த எல்லாச் செய்திகளுமே ராமானுஜன் புகழ் பெற்ற பிறகு சொல்லப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. மேதை என்று தெரிந்தபின், மேதைக்குரிய வினோதங்கள்தாம் முதலில் ஞாபகம் வரும்.

யானையைக் காட்டி விரல் நீட்டினாரா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. சொல்லக்கூடிய ஒரே சாட்சி தாய் கோமளத்தம்மாள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று மருத்துவ உலகுக்கே அப்போது தெரியாது.

உடம்பைத் தொட்டுப் பார்த்தவர்களே ராமானுஜன் விஷயத்தில் திணறினார்கள். 1917-இல் இங்கிலாந்தில் அவர் நோய்வாய்ப்பட்டார். முதலில் குடல் புண் என்று சந்தேகம். பிறகு காசநோய் என்று முடிவு செய்து சானடோரியங்களில் வைத்தார்கள். 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சென்னையில் காலமானார். 1994-இல் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது காசநோயாக இருந்திருக்காது, முன்பு கண்ட சீதபேதியின் கிருமி ஈரலில் தங்கி உண்டாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். அதற்கு எமிட்டின் என்ற மருந்து 1912 முதலே கல்கத்தாவில் கையாளப்பட்டு வந்தது! யங்கின் முடிவும் ஊகம்தான். ஆனால் காய்ச்சல் அளவும் வலி இருந்த இடமும் அவருக்குத் தாளில் கிடைத்தன. மனத்தின் போக்கை அறிய நினைப்பவருக்கு அந்த அளவு தாள்கூட இல்லை. டாக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டின் முடிவை நான் ஒரு சுவையான ஊகம் என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

முரளி என்ன ஆனான்?

மூன்று முறை போய் வந்த பிறகு முரளியின் அறிக்கை தயாராயிற்று. 'ஆட்டிச நிறமாலை, முதல் நிலை' என்று எழுதியிருந்தது.

'டாக்டரம்மா, எங்க ஒன்றுவிட்ட அண்ணன் பையனுக்குப் பதினைஞ்சு வருஷம் முன்னாடி ஆஸ்பெர்ஜர்னு எழுதிக் கொடுத்தாங்க. இவனுக்கு அது இல்லையா?'

'அதேதாம்மா இது. இப்ப அந்தப் பேர் எழுதறதில்ல. உங்க அண்ணன் பையன் பழைய சீட்டும் செல்லும்.'

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. உங்கள் பள்ளியில் ஆயிரம் பேர் படித்தால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அறிக்கையால் என்ன பயன்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். ராமானுஜன் 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு வாங்கினார். மறு ஆண்டே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப். ஏ. தேறவில்லை. அன்றைக்குச் சலுகை என்ற பேச்சே கிடையாது.

முரளியின் வாத்தியார் அறிக்கையை இரண்டு தரம் படித்தார். மறுநாள் வகுப்பில் 'முரளி, பேசாமல் உட்கார்' என்று மட்டும் சொன்னார். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவனைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுகிறார். பள்ளிச் சுற்றுலாவுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று முடிவு செய்யும் பொறுப்பும் இந்த வருடம் அவனிடம்தான்.